கார்டு காட்டியும் கதவு திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறு தேடும் வழி

“கிளவுட் போயிடுச்சு, கதவு திறக்க மாட்டேங்குது.” எனக்கு வரும் அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் கிளவுட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கதவுக்கு அடியில் மிதியடி மடங்கிக் கிடக்கும். அல்லது துப்புரவுப் பணிக்கு வந்தவர் வேக்குவம் மெஷினைச் சொருகுவதற்காகப் பவர் சப்ளையின் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும் அலுவலக நிர்வாகிகளுக்கும் இதை எழுதுகிறேன். கார்டு ரீடர், கார்டைச் சரிபார்த்துப் பூட்டுக்கு உத்தரவு தரும் கன்ட்ரோலர், மின்பூட்டு, இவற்றை இன்டர்நெட் வழியாக ஆளும் டாஷ்போர்டு என்று இருக்கும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிப்பது கடைசியில்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், வேறு கதவில் வேலை செய்வதைச் சற்றுமுன் பார்த்துவிட்டு எடுத்துவந்த ஒரு கார்டு, டாஷ்போர்டு திறந்த போன் இருக்கட்டும். மீட்டரை வைக்கப்போவது 12 அல்லது 24 வோல்ட் பக்கத்தில் மட்டும்தான். பவர் சப்ளைக்குள் வரும் மெயின் கரன்ட் எலெக்ட்ரீஷியனின் வேலை, அங்கே விரல் போகக் கூடாது.

## எதையும் கழற்றும் முன்

கார்டைக் காட்டிவிட்டு டாஷ்போர்டின் நிகழ்வுப் பதிவைப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

- “அனுமதி” என்று வந்திருக்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. கார்டு, ரீடர், கிளவுட் எல்லாம் சரி. பூட்டுக்குப் போகும் கரன்ட்டை இணைத்தும் அறுத்தும் விடும் ரிலேயிலிருந்து கதவு வரைக்குமான பகுதியில் கோளாறு. அறிகுறி 2.
- “மறுப்பு” என்று வந்திருக்கிறது. வயர், பூட்டு எதையும் தொட வேண்டாம். அறிகுறி 1.
- எதுவுமே வரவில்லை. டாஷ்போர்டில் கன்ட்ரோலர் ஆன்லைனில் இருந்தால் அறிகுறி 4. ஆஃப்லைன் என்று காட்டினால் அறிகுறி 5.

இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமலே ரீடரை மாற்றிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். புது ரீடரும் பச்சை விளக்கு காட்டும், கதவு அப்படியே நிற்கும். பழைய ரீடரில் குறை இருந்தால்தானே!

அப்புறம் எத்தனை கதவு என்று பாருங்கள். ஒரு கதவு மட்டும் என்றால் அந்தக் கதவிலேயே தேடுங்கள். ஒரே கன்ட்ரோலரில் உள்ள எல்லாக் கதவுகளும் என்றால் அதன் பவர் சப்ளை. கட்டடம் முழுவதும் என்றால் நெட்வொர்க், மின்சாரம், ஃபயர் அலாரம் மூன்றில் ஒன்று. கடைசியாக, நேற்றுவரை வேலை செய்தது என்றால் நேற்று யார் வந்தார்கள் என்று கேளுங்கள். பெயின்ட் அடிப்பவர், ரவுட்டர் மாற்றியவர், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஏறிய ஏசி ஆள், இவர்கள் போன பின்னால் வரும் கோளாறுகள் தனி ரகம்.

## அறிகுறி 1: ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை

### பதிவில் “மறுப்பு” என்றும் காரணமும் இருக்கிறது

நேர அட்டவணை, காலாவதித் தேதி, குழு இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஆள் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார், பழைய குழுவிலேயே பெயர் நிற்கும். விடுமுறை நாள் பட்டியலில் அன்றைய தேதி இருந்தால் வழக்கமான அட்டவணை அன்று செல்லாது. விடுமுறையில் வேலைக்கு வந்தவர் வெளியே நிற்பது இதனால்தான். எல்லாருக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ மறுக்கிறது என்றால் கன்ட்ரோலரின் நேர மண்டலம் தவறாக இருக்கிறது.

“உள்ளே ஏற்கெனவே இருக்கிறார்” அல்லது அதைப்போன்ற காரணம் வந்தால் அது ஆன்டி பாஸ்பேக், அதாவது வெளியே போனதாகப் பதிவாகாதவரை மறுபடி உள்ளே விடாத விதி. முன்னால் போனவரின் பின்னாலேயே கார்டு காட்டாமல் வெளியே போய்விட்டார், இப்போது உள்ளே வர விட மறுக்கிறது. டாஷ்போர்டில் அவருடைய நிலையை ரீசெட் செய்தால் போதும். தினமும் ரீசெட் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு கணினியில் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரியாதையான மனிதர்களிடம் பேச வேண்டும்.

### “தெரியாத கார்டு” என்று வருகிறது

பழைய 26 பிட் கார்டுகளில் இரண்டு எண்கள் இருக்கும். 0 முதல் 255 வரையிலான ஃபெசிலிட்டி கோடு (ஒரு நிறுவனத்தின் கார்டுகளுக்குப் பொதுவான எண்) ஒன்று, 0 முதல் 65,535 வரையிலான கார்டு எண் ஒன்று. புதிதாக வாங்கிய கார்டு பெட்டியில் ஃபெசிலிட்டி கோடு வேறாக இருந்தால் எண்ணைச் சரியாகப் பதிந்தும் ஏற்காது. கார்டின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ரீடரில் ஒருமுறை காட்டி, பதிவில் விழும் எண்ணையே எடுத்துச் சேருங்கள்.

### கார்டைக் காட்டினால் ரீடர் அசையவே இல்லை

பர்ஸிலிருந்து கார்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கார்டுகள் ஒட்டியிருந்தால் ஒன்றின் அலையை மற்றொன்று குழப்பும். அப்படியும் இல்லை என்றால் கார்டின் வகையைப் பாருங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டும் 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் ரீடர் மற்றதைப் படிக்காது. இரண்டையும் படிக்கும் ரீடர்கள் உண்டு, உங்களுடையது அதுவா என்று பாருங்கள். சரியான வகைதான் என்றால் கார்டுக்குள் ஆன்டெனா முறிந்திருக்கிறது. பின்பாக்கெட்டில் வைத்து உட்காருபவர்களின் கார்டுகள் இப்படித்தான் போகும். புதுக் கார்டு கொடுங்கள், பழையதை டாஷ்போர்டில் நீக்க மறக்காதீர்கள்.

### போனைக் காட்டினால் திறக்கவில்லை

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரீடருக்கு அருகில் போனைக் கொண்டுபோனால் புளூடூத் வழியே திறப்பது ஒரு வகை. ஆப்பில் பட்டனை அழுத்தி, இன்டர்நெட் வழியே கிளவுட் போய்த் திரும்பி வந்து திறப்பது இன்னொரு வகை. தரையடி வாகன நிறுத்தத்தில் மட்டும் திறக்கவில்லை என்றால் இரண்டாவது வகைதான், போனில் சிக்னல் இல்லை. அந்தக் கதவுக்கு மட்டும் கார்டு கொடுத்துவிடுவது நல்லது.

புளூடூத் வகையில் நான் பார்க்கும் வரிசை இது: புளூடூத் ஆன் ஆகியிருக்கிறதா, ஆப்புக்கு அனுமதிகள் இருக்கின்றனவா (ஆண்ட்ராய்டு 12 முதல் “அருகிலுள்ள சாதனங்கள்” என்று தனி அனுமதி கேட்கும்), பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்கவைக்கிறதா, ஐபோனில் ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டாரா. கடைசியில் சொன்னதுதான் அடிக்கடி. பேட்டரி மிச்சமாகும் என்று எல்லா ஆப்பையும் தள்ளி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி மூடினால் பின்னணியில் புளூடூத் எழுப்ப வழியில்லை, ஆப்பைத் திறந்துவிட்டுத்தான் கதவருகே போக வேண்டும். புதுப் போன் வாங்கியவர் என்றால் பழைய போனோடு கட்டப்பட்ட அனுமதியை நீக்கிவிட்டு மறுபடி அழைப்பு அனுப்புங்கள்.

## அறிகுறி 2: பச்சை விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை

கன்ட்ரோலர் பெட்டி அருகே ஒருவரை நிறுத்திக் கார்டைக் காட்டுங்கள். “டிக்” என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டாஷ்போர்டில் அந்தக் கதவுக்கு வேறு ரிலே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்கிறது என்றால் கதவுக்குப் போவோம். பூட்டின் வகையைப் பொறுத்து இங்கே வழி பிரிகிறது.

### கதவுச் சட்டத்தில் பதித்த ஸ்ட்ரைக் பூட்டு

கதவைக் கையால் லேசாக மூடும் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு கார்டைக் காட்டுங்கள். இப்போது திறந்துவிட்டதா? அப்படியென்றால் பூட்டின் நாக்கு ஸ்ட்ரைக்கை, அதாவது சட்டத்தில் அந்த நாக்கைப் பிடித்திருக்கும் உறுப்பை, அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தோடு சாதாரண ஸ்ட்ரைக் விடுபடாது. புதிதாக ஒட்டிய ரப்பர் பட்டை, ஈரத்தில் உப்பிய மரக்கதவு, தொங்கிப்போன கீல், அறைக்குள் ஏசி காற்றின் தள்ளல், இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஸ்ட்ரைக்கின் தகட்டை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே தீர்ந்துவிடும். ஈரக் காலத்தில் மட்டும் வரும் புகாருக்குப் பூட்டை மாற்றாதீர்கள், தச்சரைக் கூப்பிடுங்கள்.

அழுத்தியும் திறக்கவில்லை என்றால் மீட்டர். கார்டைக் காட்டிய நொடியில் பூட்டின் முனையிலேயே வோல்டேஜ் பாருங்கள், பவர் சப்ளையில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். பூட்டைக் கழற்றிவிட்டு வெறும் வயரில் அளந்தாலும் பயனில்லை. கரன்ட் ஓடாதபோது மோசமான வயரிலும் 12 வோல்ட் அழகாகக் காட்டும்.

ஒரு கணக்கு. பூட்டு 0.5 ஆம்பியர் எடுக்கிறது, கன்ட்ரோலர் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது என்று அதிலேயே பூட்டுக்குக் கரன்ட் கொடுத்திருக்கிறார்கள். அந்த மெல்லிய வயர் 0.2 சதுர மில்லிமீட்டர் அளவு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 84 ஓம். போக வர 80 மீட்டருக்கு 6.7 ஓம். வழியிலேயே 3.4 வோல்ட் தொலைந்து பூட்டுக்கு 8.6 வோல்ட்தான் போய்ச் சேரும். அதே தூரத்துக்கு 0.8 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 1 வோல்ட்கூட இல்லை. “காலையில் திறக்கும், மதியம் திறக்காது” என்ற புகார்களில் இதுவும் ஒரு காரணம், பூட்டின் சுருள் சூடாகும்போது அதன் இழுவிசை இன்னும் குறையும்.

வோல்டேஜ் முழுதாக வருகிறது, அழுத்தமும் இல்லை, ஆனாலும் அசையவில்லை என்றால் சுருள் எரிந்துவிட்டது. பூட்டை மாற்றியே ஆக வேண்டும்.

### காந்தப் பூட்டு

இதில் தலைகீழ்: கரன்ட் இருந்தால் பிடிக்கும், போனால் விடும். திறக்கவில்லை என்றால் கரன்ட் அறுபடவில்லை என்று பொருள். கார்டு காட்டியபின் பூட்டு முனையில் இன்னும் 12 வோல்ட் நிற்கிறதா? ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது வேறொரு வயர் வழியே பூட்டுக்கு நேராகக் கரன்ட் வருகிறது. பூஜ்யம் காட்டியும் சில நொடிகள் பிடித்துக்கொண்டே இருந்தால் இரும்புத் தகட்டில் எஞ்சிய காந்தம். தகட்டில் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் முனை தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம்.

நிபுணர் வேண்டிய இடம்: ஒட்டிக்கொண்ட ரிலே. பெட்டியைத் தட்டினால் விட்டுவிடும், ஆனால் மறுபடி ஒட்டும். ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளும் கோளாறு என்பதால் அன்றே தீர்க்க வேண்டியது.

## அறிகுறி 3: கதவு பூட்டவே இல்லை

டாஷ்போர்டை முதலில் பாருங்கள். யாரோ நேற்று விருந்தினர் வருகிறார்கள் என்று “திறந்தே வை” கொடுத்திருப்பார், திரும்ப எடுக்க மறந்திருப்பார். “முதல் ஆள் வந்ததும் நாள் முழுதும் திறந்திரு” என்ற அட்டவணையும் இதையே செய்யும்.

அடுத்து எக்ஸிட் பட்டன். பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் அது கன்ட்ரோலரிடம் விடாமல் “திற, திற” என்று கேட்டுக்கொண்டிருக்கும். பட்டனின் வயரை ஒரு கணம் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கதவுக்கு மேலே அசைவுக்குத் திறக்கும் சென்சார் இருந்தால், ஏசி காற்றில் ஆடும் தோரணமோ, தொட்டிச் செடியின் இலையோ அதை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு பிறந்தநாள் பலூன் இரவு முழுவதும் ஒரு அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தபின் சென்சாருக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

கதவு முழுதாக மூடுகிறதா? கதவைத் தானாக மூடும் டோர் குளோசரில் சாதாரணமாக இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மூடும் வேகத்துக்கு, மற்றது கடைசி சில டிகிரிகளுக்கு. இரண்டாவதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். முழுதாகக் கழற்றினால் எண்ணெய் கொட்டிவிடும். குளோசரின் உடம்பில் ஏற்கெனவே எண்ணெய் கசிந்திருந்தால் திருகிப் பயனில்லை, மாற்றுங்கள்.

காந்தப் பூட்டு பிடித்தும் இழுத்தால் வந்துவிடுகிறது என்றால் இரண்டு உலோகப் பரப்புகளையும் துணியால் துடையுங்கள். மெல்லிய பெயின்ட் படலம், டேப், ஏன் துருகூடப் பிடிப்பைப் பெரிதும் குறைக்கும். பிறகு கதவிலுள்ள இரும்புத் தகட்டைக் கையால் ஆட்டுங்கள். அது லேசாக ஆட வேண்டும். நடு போல்ட்டின் கீழே ரப்பர் வாஷர் இருப்பது அதற்காகத்தான். தகடு தானாக நகர்ந்து காந்தத்தோடு தட்டையாக ஒட்டும். “ஆடுதே” என்று யாராவது இறுக்கிவிட்டால் 280 கிலோ தாங்க வேண்டிய பூட்டு ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டு, தோளால் இடித்தாலே திறந்துவிடும். பூட்டு கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டதில் பாதி நல்ல பூட்டாகத்தான் இருக்கும்.

கட்டடத்தில் எல்லாக் காந்தப் பூட்டுகளும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டன என்றால் ஃபயர் அலாரம் பேனலைப் பாருங்கள். தீ எச்சரிக்கை வந்தால் பூட்டுகளுக்கான கரன்ட்டை அறுக்கும்படி இணைத்திருப்பார்கள். பச்சை நிற அவசரப் பெட்டியை யாராவது அழுத்தியிருந்தாலும் அந்தக் கதவு விட்டுவிடும், அதற்கான சாவியால் பழையபடி நிறுத்தலாம்.

இங்கே நில்லுங்கள்: ஃபயர் அலாரம் இணைப்பில்தான் கோளாறு என்று தெரிந்தால், “இப்போதைக்கு” என்று அந்த இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள், யார் சொன்னாலும். பூட்டு பிடிக்கும், ஆனால் தீ வந்தாலும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஃபயர் அலாரம் பராமரிப்பவர் வரும்வரை கதவருகே ஒரு ஆளை உட்காரவையுங்கள்.

## அறிகுறி 4: ரீடர் இறந்துகிடக்கிறது, அல்லது எந்தக் கார்டையும் ஏற்கவில்லை

### விளக்கே இல்லை

ரீடரின் பின்னால் சிவப்பு, கறுப்பு வயர்களில் வோல்டேஜ் பாருங்கள். இல்லை என்றால் கன்ட்ரோலர் பக்க முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது ஃபியூஸ் போயிருக்கும். வெளிப்புற ரீடர் என்றால் திறந்தவுடன் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். கேபிள் மேலிருந்து நேராக ரீடருக்குள் இறங்கினால் மழை நீர் அதன் மேலேயே வழிந்து உள்ளே போகும். கேபிளை ஒருமுறை கீழே தாழ்த்தி, பிறகு மேலேற்றி உள்ளே விட்டால் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

### விளக்கு இருக்கிறது, கார்டுக்கு பீப் அடிக்கிறது, பதிவில் ஒன்றும் இல்லை

வீகண்ட் (கார்டு எண்ணைக் கன்ட்ரோலருக்கு அனுப்பும் பழைய முறை) வகை ரீடர் என்றால் டேட்டா வயர்கள் இரண்டு, வழக்கமாகப் பச்சையும் வெள்ளையும். சும்மா இருக்கும்போது இரண்டிலும் ஏறக்குறைய 5 வோல்ட் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லை என்றால் அந்த வயர் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டும் இடம் மாறியிருந்தால் வேறு வேடிக்கை: எல்லாருடைய கார்டும் பதிவில் விசித்திரமான எண்ணாக விழும், அல்லது பிழை என்று தள்ளப்படும். ரீடரைக் கழற்றி மாட்டியபின் வரும் புகார் என்றால் இதை முதலில் பாருங்கள். வீகண்டுக்கு 150 மீட்டர்தான் எல்லை, மெயின் கரன்ட் கேபிளோடு ஒரே குழாயில் ஓடினால் அதுவும் கிடைக்காது.

ஓ.எஸ்.டி.பி. (ஒவ்வொரு ரீடருக்கும் முகவரி வைத்துப் பேசும் புதிய முறை) வகை என்றால் கதை வேறு. ரீடரை மாற்றிய அன்று புது ரீடர் ஆஃப்லைன் என்று நின்றால் பயப்படாதீர்கள். ஒரே கேபிளில் உள்ள இரண்டு ரீடர்களுக்கு ஒரே முகவரி இருக்கலாம், வேகம் வேறாக இருக்கலாம் (9600 பொதுவானது). எல்லாம் சரியென்றால் பாதுகாப்புச் சாவி: கன்ட்ரோலர் பழைய ரீடரோடு பரிமாறிய சாவியை வைத்துக்கொண்டு புதியதை அந்நியனாகப் பார்க்கிறது. டாஷ்போர்டில் அந்த ரீடரை நீக்கி மறுபடி இணையுங்கள். இதற்காக ரீடரைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

### மிக அருகே வைத்தால்தான் படிக்கிறது

உலோகச் சட்டத்தின் மேல் நேராக மாட்டியிருக்கிறார்கள். அல்லது மெல்லிய சுவரின் இருபுறமும் இரண்டு ரீடர்கள் முதுகோடு முதுகாக இருக்கின்றன. உலோகத்துக்கும் ரீடருக்கும் நடுவே பிளாஸ்டிக் இடைத்தகடு போடுங்கள், முதுகு ரீடரை ஒரு முழம் நகர்த்துங்கள்.

## அறிகுறி 5: கன்ட்ரோலர் “ஆஃப்லைன்”

பதறாமல் பழைய கார்டு ஒன்றைக் காட்டுங்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பயனர் பட்டியலைத் தம்மிடமே வைத்திருக்கும், இன்டர்நெட் இல்லாமலும் கதவு திறக்கும். நடக்கும் நிகழ்வுகளைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். புதிதாகச் சேர்த்த கார்டும், ஆப் வழியே தொலைவிலிருந்து திறப்பதும்தான் நிற்கும். வேலையை விட்டுப்போனவரின் கார்டை நீங்கள் நீக்கியிருந்தால் அந்த நீக்கமும் இன்னும் கதவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பழைய கார்டும் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு, அறிகுறி 7-க்குப் போங்கள்.

இனி வரிசையாக:

1. கேபிள் சொருகும் இடத்தில் விளக்கு சிமிட்டுகிறதா? இல்லை என்றால் கேபிள், நெட்வொர்க் ஸ்விட்ச்சில் அது சொருகிய துளை இரண்டையும் மாற்றிப் பாருங்கள். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.
2. ரவுட்டர் சமீபத்தில் மாறியதா? பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் முகவரி தந்தது, புதியது 192.168.0 வரிசையில் தருகிறது. கன்ட்ரோலரில் முகவரி கையால் நிலையாகப் போடப்பட்டிருந்தால் அது இல்லாத தெருவில் நின்றுகொண்டு கத்துகிறது. இன்டர்நெட் நிறுவனம் இலவசமாகப் புது ரவுட்டர் தந்த மறுநாள் எனக்கு அழைப்பு வரும்.
3. விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறார்களா? “விதிமுறைகளை ஏற்கிறேன்” என்று பொத்தானை அழுத்தக் கன்ட்ரோலருக்குக் கை இல்லை.
4. ஃபயர்வால். பொதுவாக வெளியே போக 443 போர்ட், பெயர் தேட 53, நேரம் பார்க்க 123 திறந்திருக்க வேண்டும். உற்பத்தியாளரின் பட்டியலில் வேறு போர்ட்டும் இருக்கலாம். உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கிளவுட் கன்ட்ரோலருக்கு வழக்கமாக அது தேவையில்லை. மறைகுறியாக்கிய போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கும் ஃபயர்வால் என்றால் கன்ட்ரோலருக்கு அதிலிருந்து விலக்கு கேளுங்கள். இடையில் மாற்றப்பட்ட சான்றிதழை (கிளவுட் சர்வரின் டிஜிட்டல் அடையாள அட்டையை) அது நம்பாது.
5. கன்ட்ரோலரின் கடிகாரம். மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் ஆஃப்லைன் ஆகிறது என்றால் போர்டில் உள்ள சின்ன நாணய பேட்டரி, பல போர்டுகளில் சி.ஆர். 2032, தீர்ந்திருக்கிறது. கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், அந்தத் தேதியில் கிளவுட்டின் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை, இணைப்பு மறுக்கப்படும். 123 போர்ட் திறந்திருந்தால் நேரம் தானாகச் சரியாகும். அடைத்திருந்தால் அப்படியே நிற்கும்.

இதில் எங்கே சிக்கல் என்று தெரியவில்லை என்றால் ஒரு குறுக்குவழி: சிம் போட்ட சின்ன 4ஜி ரவுட்டரைக் கொண்டுவந்து கன்ட்ரோலரை அதில் மாட்டுங்கள். ஆன்லைன் வந்துவிட்டால் கோளாறு உங்கள் நெட்வொர்க்கில், ஐடி ஆளைக் கூப்பிடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் கன்ட்ரோலர் விற்றவரைக் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் மாறி மாறி அடுத்தவரைக் கைகாட்டும் கூட்டங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சோதனையைக் காட்டினால் கூட்டம் முடிந்துவிடும்.

நெட்வொர்க்கும் சரி, கருவியும் சரி, ஆனாலும் பழைய கன்ட்ரோலர்கள் மட்டும் ஒரே நாளில் விழுந்தன என்றால் மென்பொருளைப் புதுப்பிக்காத வினை. 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய ரூட் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல அன்று இணைப்பை இழந்தன. அதற்கு நான்கு நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக்கின் நெட்வொர்க்கே இன்டர்நெட்டிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் மறைந்தபோது, அதன் அலுவலகங்களில் ஊழியர்களின் கார்டுகள்கூட வேலை செய்யவில்லை என்று செய்திகள் வந்தன. இரும்புச் சாவியால் திறக்கும் ஒரு கதவாவது உங்கள் கட்டடத்தில் இருக்கட்டும், அந்தச் சாவி சர்வர் அறைக்குள்ளே பூட்டிக் கிடக்காமலும் இருக்கட்டும்.

சேவை நிறுவனத்தின் நிலைப் பக்கத்தை இவ்வளவுக்கும் பிறகு பாருங்கள். அரிதாக உண்மையிலேயே கிளவுட்தான் போயிருக்கும். அப்போது செய்ய ஒன்றுமில்லை, டீ குடிக்கலாம். சந்தா கட்டத் தவறியதும் இதேபோல் தோன்றும் என்பதால் கணக்குப் பிரிவிடமும் ஒரு வார்த்தை.

## அறிகுறி 6: ஓயாத “பலவந்தமாகத் திறக்கப்பட்டது” எச்சரிக்கை

யாரும் உடைக்கவில்லை. கதவு திறந்தது கன்ட்ரோலருக்குத் தெரிகிறது, ஏன் திறந்தது என்று தெரியவில்லை. உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பி வெளியே வருபவர்தான் காரணம். கைப்பிடியிலோ மேலே உள்ள சென்சாரிலோ “வெளியே போகிறேன்” என்ற குறிப்பு முதலில் வர வேண்டும், கதவு அதற்குப் பின் திறக்க வேண்டும். சென்சார் தாமதமாகப் பார்த்தால் வரிசை தலைகீழாகும். அதைக் கைப்பிடிப் பக்கம் சற்றுத் திருப்புங்கள்.

ஆள் நடமாட்டமே இல்லாத இரவில் வருகிறது என்றால் சட்டத்தில் உள்ள காந்தத் தொடுபொறிக்கும் கதவிலுள்ள காந்தத்துக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. காற்றில் கதவு ஆடும்போதெல்லாம் “திறந்தது” என்று சொல்லும்.

“நெடுநேரம் திறந்திருக்கிறது” என்ற எச்சரிக்கைக்கு, பொருள் இறக்கும் கதவில் நேரத்தைக் கூட்டுங்கள், மற்ற கதவுகளில் குளோசரைப் பாருங்கள். எச்சரிக்கையையே அணைத்துவிடாதீர்கள். மரக்கட்டையைச் சொருகிக் கதவைத் திறந்துவைக்கும் ஆள் எங்கோ இருக்கிறார்.

## அறிகுறி 7: தானாக அணைந்து எழுகிறது, மின்வெட்டில் படுத்துவிடுகிறது

பூட்டுக்கான கரன்ட் அறுபடும் அதே நொடியில் (காந்தப் பூட்டு விடும்போது, ஸ்ட்ரைக் மறுபடி பூட்டும்போது) ரீடர் அணைந்து எழுந்தால் பூட்டின் சுருளிலிருந்து திருப்பி அடிக்கும் மின்துடிப்பு. டி.சி. பூட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பூட்டுக்கு அருகிலேயே, 1என்4007 டயோடு ஒன்று வேண்டும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட் ஆகும், அதனால் கைப்பழக்கம் இல்லாதவர் டெக்னீஷியனிடம் விடுங்கள். சில பூட்டுகளில் டயோடு உள்ளேயே இருக்கும். மிக மலிவான பாகம், இது இல்லாமல் போர்டே போன இடங்கள் உண்டு.

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் கன்ட்ரோலர் என்றால் கூட்டிப் பாருங்கள். பழைய தர ஸ்விட்ச் 15.4 வாட் அனுப்பும், கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. ஒரு 12 வோல்ட் காந்தப் பூட்டு அரை ஆம்பியர் எடுத்தால் அதற்கே 6 வாட். இரண்டு பூட்டுகள் போட்டால் கன்ட்ரோலருக்கும் ரீடருக்கும் மிச்சம் ஏது? 30 வாட் தரும் ஸ்விட்ச், கருவிக்கு 25.5, வேண்டும். இல்லாவிட்டால் பூட்டுக்குத் தனிப் பவர் சப்ளை.

மின்வெட்டு வந்ததும் எல்லாம் போகிறது என்றால் பேட்டரி. மெயின் இருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியில் 13.5 முதல் 13.8 வரை காட்டும், அதைப் பார்த்து நல்லது என்று நினைக்காதீர்கள், அது சார்ஜரின் வோல்டேஜ். மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். 10.5-க்கு மளமளவென்று இறங்கினால் செத்துவிட்டது. இந்த வகை பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுதான், வெப்பமான பெட்டிக்குள் அதைவிடக் குறைவு. மாற்றும் நாளில் தேதியைப் பேட்டரி மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். வயிறு உப்பியிருந்தால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: கதவுப் பதிவும் கேமரா காட்சியும் ஒத்துப்போகவில்லை

இரண்டின் கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டுகிறது. கேமரா, கன்ட்ரோலர் இரண்டும் ஒரே சர்வரிலிருந்து நேரத்தை எடுக்கும்படி கட்டுங்கள். காட்சியே துண்டு துண்டாக வந்தால் மேலேற்றும் வேகத்தைப் பாருங்கள்: கேமராவுக்கு 2 மெகாபிட் என்றால் 16 கேமராவுக்கு 32. இணைப்பை வாங்கும்போது எல்லாரும் பார்ப்பது கீழிறக்கும் வேகத்தை.

## ஆளைக் கூப்பிடும்போது

கையில் வைத்திருங்கள்: கன்ட்ரோலரின் மாடலும் வரிசை எண்ணும், பதிவில் வந்த வரி அப்படியே (போட்டோவாக), பூட்டு முனையில் அளந்த வோல்டேஜ், ஒரு கதவா பல கதவா, கடைசியாக யார் வந்து என்ன வேலை செய்தார்கள். லிஃப்ட்டின் தளக் கட்டுப்பாட்டில் கோளாறு என்றால் லிஃப்ட் நிறுவனத்தின் ஆளும் கூடவே வர வேண்டும், லிஃப்ட் பெட்டியைத் திறக்க மற்றவருக்கு அனுமதி இருக்காது. டெக்னீஷியன் கிளம்பும் முன் ஒன்று கேளுங்கள்: கன்ட்ரோலர் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? அதைத் தேடுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போகும்.